மானமும் மௌனமும்: கல்முனைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் இணையவழிச் சிறுவர் பாதுகாப்பு

சிறுவர் மீதான பாலியற் சுரண்டல் நம் சமூகத்துக்குப் புதியதன்று. இணையமும் கைத்தொலைபேசியும் அதற்கு அளித்துள்ள வடிவமே புதியது. இப்புதிய வடிவத்தை எதிர்கொள்வதில் குடும்பத்துக்கும் ஊருக்கும் உரிய பங்கு யாது என்பதை அம்பாறை மாவட்டத்தின் கரையோர முஸ்லிம் ஊர்களை மையமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனப் பொத்துவில் வரை நீளும் இவ்வூர்கள் பாண்டிருப்பு, காரைதீவு முதலான தமிழ் ஊர்களோடு இடையிட்டு அமைந்தவை. மொழியாலும், தாய்வழிக் குடிமரபாலும், மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்காலும் இரு சாராரும் நெருங்கியவர்கள். ஆகவே ஈண்டுக் கூறப்படுவனவற்றுட் பல தமிழ் ஊர்களுக்கும் பொருந்துவனவாம்.

இப்பகுதியில் ‘பாதுகாப்பு’ என்னும் சொல் பெரும்பாலும் மறைத்தலையே குறித்து வந்துள்ளது. பெண்பிள்ளையை வெளியார் கண்ணினின்றும் மறைப்பதும், அவளுக்கு நேர்ந்த தீங்கை ஊராரின் காதினின்றும் மறைப்பதும் காவலாகக் கருதப்பட்டன. இணையவழிக் குற்றவாளியோ இவ்வழக்கத்தையே தன் முதலாகக் கொண்டு தொழில் நடத்துகிறான். இம்முரண்பாட்டை விளங்கிக்கொள்ளாதவிடத்து எத்தனை சட்டங்கள் இயற்றப்படினும் பிள்ளைக்கு அவற்றாற் பயன் விளையாது.

சுரண்டலின் இயக்கம்

இணையவழிச் சுரண்டல் பொதுவாக மூன்று படிகளில் நிகழ்கிறது. முதலாவது நயந்து வசப்படுத்தல். குற்றவாளி போலிப் பெயரிலோ, சில வேளைகளில் உண்மைப் பெயரிலோ பிள்ளையோடு பேசத் தொடங்குகிறான். பாராட்டும் பரிவும் நாள்தோறும் வருகின்றன. இரண்டாவது படியில் உரையாடல் பொதுவிடத்திலிருந்து தனியிடத்துக்கு மாறுகிறது. ஒரு படம் கேட்கப்படுகிறது. மூன்றாவது படியில் அப்படம் மிரட்டும் கருவியாகிறது. மேலும் படங்கள் வேண்டும், பணம் வேண்டும், நேரில் வரவேண்டும், இல்லையேல் வீட்டாருக்கும் பாடசாலைக்கும் அனுப்புவேன் என்பதே மிரட்டலின் வாசகம். உலகெங்கும் இதன் சாரம் ஒன்றே.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2012 ஒக்டோபரில் 15 வயதில் உயிர்நீத்த அமண்டா டொட் என்னும் சிறுமியின் கதை இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. அவளை மிரட்டியவன் பல்லாயிரம் மைல்களுக்கப்பால் நெதர்லாந்தில் இருந்தவன். பாடசாலை மாறியும் படம் அவளைப் பின்தொடர்ந்தது. சகமாணவரின் ஏளனம் மிரட்டலைவிடக் கொடியதாயிற்று. குற்றவாளி கனடிய நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டது 2022 இலேயே. குற்றம் ஒருவன் செய்தது. ஆயினும் அதனைத் தாங்கவொண்ணாததாக ஆக்கியது சுற்றம்.

இது பெண்பிள்ளைகளின் பிரச்சினை மாத்திரமே எனக் கொள்வதும் தவறாகும். பதின்பருவ ஆண்பிள்ளைகளிடம் படம் பெற்றுப் பணம் பறிக்கும் கும்பல்கள் குறித்து அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை 2022 டிசம்பரில் பகிரங்க எச்சரிக்கை விடுத்தது. 3,000 இற்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதையும், பன்னிரண்டுக்கும் மேற்பட்ட தற்கொலைகள் நிகழ்ந்ததையும் அது குறிப்பிட்டது. ‘ஆண்பிள்ளைக்கு என்ன வந்துவிடப் போகிறது’ என்னும் எண்ணம் வேரூன்றிய ஊரில் அவன் வாய்திறக்கும் வழி இன்னும் குறுகியது.

சுரண்டுபவன் எப்போதும் அந்நியன் அல்லன் என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது. பிலிப்பைன்சில் பெற்றோரும் உறவினருமே பிள்ளைகளைப் படக்கருவி முன் நிறுத்தி அயல்நாட்டாருக்கு நேரலையாக விற்ற நிகழ்ச்சிகள் பெருகியதன் விளைவாக 2022 இல் அங்கு தனிச்சட்டம் இயற்றப்பட்டது. இலங்கையில் 2021 ஜூனில் வெளிவந்த கல்கிசைச் சம்பவத்தில், 15 வயதுச் சிறுமியொருத்தி இணைய விளம்பரங்கள் வாயிலாக மாதக்கணக்கில் விற்கப்பட்டிருந்தமை தெரியவந்தது. கைதான முப்பதுக்கும் மேற்பட்டோருள் சமூகத்தில் மதிப்புப் பெற்ற தொழில்களைச் சேர்ந்தோரும் இருந்தனர். எனவே குடும்பம், மதிப்பு, பதவி ஆகியவற்றுள் எதுவும் தன்னளவிற் பாதுகாப்பு ஆகிவிடாது.

சட்டம் நம்பிய இடைக்காவலர்

இலங்கைச் சட்டத்தின் வளர்ச்சியை நோக்குமிடத்து ஒரு செய்தி புலப்படுகிறது. இலங்கை 1991 இல் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. 1995 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம், 18 வயதுக்குட்பட்டோரைக் கொண்டு ஆபாசப் படங்களை ஆக்குவதையும், பரப்புவதையும், வைத்திருப்பதையும் 286அ பிரிவின் கீழ்க் குற்றமாக்கியது. இக்குற்றத்துக்கு 2 ஆண்டுகளுக்குக் குறையாததும் 10 ஆண்டுகளுக்கு மேற்படாததுமான சிறைத்தண்டனை உண்டு. பிள்ளை தானே இசைந்து படத்தை அனுப்பினாள் என்பது இங்கு எதிர்வாதம் ஆகாது. புகைப்படச் சுருளைக் கழுவுபவர் இத்தகைய படத்தைக் காணின் உடனே பொலிசுக்கு அறிவிக்கவேண்டும் என்றும் சட்டம் பணித்தது. 1998 இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை அமைக்கப்பட்டது. 2006 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தம், கணினி வழியாகச் சேவை வழங்குவோர் தம் வசதி சிறுவர் துஷ்பிரயோகத்துக்குப் பயன்படாதவாறு தடுக்கவும், அவ்வாறு பயன்படுவது தெரியின் பொலிசுக்கு அறிவிக்கவும் கடமைப்பட்டவர் என்றது.

முன்னர்ப் புகைப்படக் கடைக்காரர். பின்னர் இணைய வசதி தரும் கடைக்காரர். குற்றத்துக்கும் பிள்ளைக்கும் இடையில் மூன்றாம் மனிதர் ஒருவர் இருப்பார், அவர் கண்ணில் அது படும் என்பதே சட்டத்தின் எடுகோள். 2006 இல் இணையம் என்பது பலருக்குக் கடைத்தெருவில் மணிக்கணக்கிற் பணம் செலுத்திப் பெறும் வசதியாகவே இருந்தது. இன்று அக்கடை பிள்ளையின் தலையணைக்கு அருகே வந்துவிட்டது. கடைக்காரர் இல்லை.

பெருநிறுவனங்கள் அவ்விடத்தை நிரப்பியுள்ளனவா எனின், ஓரளவுக்கே எனலாம். அமெரிக்கச் சட்டத்தின்படி அந்நாட்டு நிறுவனங்கள் தம் சேவைகளிற் கண்டறியும் இத்தகைய படங்களை அங்குள்ள காணாமற்போன, சுரண்டப்பட்ட சிறுவர்களுக்கான தேசிய நிலையத்துக்கு அறிவிக்கின்றன. 2023 இல் மாத்திரம் அந்நிலையத்துக்கு 3 கோடி 60 இலட்சத்துக்கும் அதிகமான அறிக்கைகள் கிடைத்தன. எனினும், அனுப்புநரும் பெறுநருமன்றி வேறெவரும் வாசிக்கவியலாத மறைகுறியாக்கம் வட்ஸ்அப்பில் 2016 இலும், மெசெஞ்சரின் தனிப்பட்ட உரையாடல்களில் 2023 இறுதி முதலும் இயல்பான அமைப்பாயிற்று. குடிமக்களின் அந்தரங்கத்துக்கு அது தேவையானதே. ஆயின் நிறுவனத்தின் கண்ணும் அதனால் மறைக்கப்படுகிறது.

2024 இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம் சிறுவர் துஷ்பிரயோகம் பற்றிய ஏற்பாட்டையும் கொண்டது. ஆனால் கருத்துச் சுதந்திரத்தை நெரிக்கக்கூடிய வேறு பிரிவுகளுக்காகவே அது உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் கடும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. சிறுவர் பாதுகாப்பின் பெயரால் அரசு பெறும் அதிகாரங்களை முற்போக்காளர் விழிப்புடன் ஆராய்தல் வேண்டும். அதேவேளை அக்கண்டனத்தோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. இடைக்காவலர் மறைந்த இடத்தில் எஞ்சியிருப்பவை வீடும் ஊருமே.

வளவும் குடியும் மாறியமை

அவ்வீடும் ஊரும் எத்தகையன? அக்கரைப்பற்றில் நெடுங்காலம் களஆய்வு செய்து 2008 இல் நூல் வெளியிட்ட மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, இப்பகுதித் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் தாய்வழிக் குடிகள் நிலவுவதையும், மணமான பெண் சீதனமாகப் பெற்ற வீட்டுக்குக் கணவன் வந்து வாழ்வதையும் விரிவாகப் பதிவுசெய்துள்ளார். பள்ளிவாசல் நிருவாகத்திலும் குடிகளின் சார்பில் மரைக்கார்கள் இடம்பெற்று வந்தனர்.

இவ்வமைப்பின் விளைவாகச் சகோதரிகள் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தனர். ஒரு பிள்ளையைச் சுற்றி உம்மாவோடு உம்மம்மாவும், பெரியம்மாவும், சாச்சியும், அவர்தம் பெண்மக்களும் இருந்தனர். உம்மாவிடம் சொல்ல அஞ்சுவதைச் சாச்சியிடம் சொல்லலாம். சாச்சியிடமும் கூசுவதை மணமாகிப் பக்கத்து வீட்டில் இருக்கும் ராத்தாவிடம் சொல்லலாம். பெண்வழி உறவின் இவ்வடர்த்தி பிள்ளைக்குப் பல காதுகளைத் தந்தது. இது இப்பகுதிக்கே உரிய சமூகச் செல்வம் எனலாம். அதனைப் பொற்காலமாகப் போற்றுவதும் ஆகாது. அவ்வடர்த்தியே வதந்தியையும் கண்காணிப்பையும் விளைத்தது.

இரு நிகழ்வுகள் இவ்வமைப்பைத் தளர்த்தின. முதலாவது புலம்பெயர் தொழில். 1970 களின் பிற்பகுதியிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு ஆண்களும், பின்னர்ப் பெண்களும் பெருந்தொகையினராகச் சென்றனர். இரண்டாவது 2004 டிசம்பர் 26 ஆம் திகதிய ஆழிப்பேரலை. இலங்கையில் மிகுதியான உயிரிழப்பு நேர்ந்தது அம்பாறை மாவட்டத்திலேயே. 10,000 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். கரையோர வளவுகள் அழிந்தன. சாய்ந்தமருதின் பொலிவேரியன் கிராமம் போன்ற புதிய குடியேற்றங்களில் வீடுகள் பயனாளிப் பட்டியலின்படி வழங்கப்பட்டன. சகோதரிகள் அடுத்தடுத்து வாழும் ஒழுங்கு பல குடும்பங்களில் அற்றுப்போயிற்று.

இப்பின்னணியிலேயே கைத்தொலைபேசியின் இடத்தை உணர்தல் வேண்டும். கட்டாரிலோ சவூதியிலோ இருக்கும் வாப்பாவின் முகம் பிள்ளைக்குத் தெரிவது அதன் திரையில்தான். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் வட்ஸ்அப் குழுக்கள் வழியே வந்தன; அவ்வாண்டு நவம்பர் இறுதியில் அக்கரைப்பற்றுப் பகுதி தனிமைப்படுத்தப்பட்டபோது வீட்டுக்கும் உலகுக்கும் இருந்த தொடர்பும் அதுவே. உறவும் கல்வியும் ஒருங்கே அதனுள் அடங்கிவிட்ட நிலையில் ‘பிள்ளை கையிற் போன் கொடாதே’ என்னும் அறிவுரை நடைமுறைக்கு ஒவ்வாதது. அவ்வறிவுரை பெண்பிள்ளைக்கு மாத்திரம் கூறப்படும்போது அவளது கல்வியை மறிப்பதாகவும் முடிகிறது.

மானம் ஆயுதமாகும் விதம்

குற்றவாளியிடம் இருப்பது ஒரு படம். அப்படத்துக்கு வலு தருவது, அது வெளிப்பட்டால் தன் வீட்டாரும் ஊராரும் தன்னை என்ன செய்வர் என்னும் பிள்ளையின் கணிப்பு. அடிப்பர், படிப்பை நிறுத்துவர், அவசரமாக மணமுடித்துவிடுவர், குடும்பத்தின் மற்றைப் பெண்களுக்கு வரன் அமையாது, கடல் கடந்து உழைக்கும் வாப்பா மனமுடைந்துபோவார் என்று அவள் அஞ்சுகிறாள். இக்கணிப்பு எவ்வளவுக்கு உண்மையோ அவ்வளவுக்குக் குற்றவாளி பலசாலி. சொல்லின் தண்டனை, சொல்லாவிடின் மிரட்டல் என்னும் இரண்டினிடையே பிள்ளையை நிறுத்துவது அவன் தனித்துச் செய்யும் காரியமன்று.

தீங்கு வெளிப்பட்ட பின்னர் நடப்பனவும் இவ்வாறே. ஊர்ப் பெரியோர் கூடி இரு தரப்பையும் இணக்கப்படுத்துதல், குற்றவாளி உள்ளூரான் எனின் அவனையே மணமுடித்துவைத்தல், பணம் பெற்று மௌனமாதல் முதலியன சமாதானம் என்னும் பெயரைப் பெறுகின்றன. சிறுவர் மீதான பாலியற் குற்றம் அரசுக்கு எதிரான குற்றம். பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைக்கோ காதி நீதிமன்றத்துக்கோ அதனைத் தீர்க்கும் அதிகாரம் இல்லை. 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் குறைந்தபட்ச மணவயதை வரையறுக்காது 12 வயதுக்குட்பட்ட சிறுமியின் மணத்துக்குக் காதியின் அனுமதியை மட்டுமே வேண்டியமை, ‘மணமுடித்தால் முடிந்துவிடும்’ என்னும் எண்ணத்துக்கு இடமளித்தது. 2009 இல் அமைக்கப்பட்ட சலீம் மர்சூப் குழு 2018 இலேயே அறிக்கை அளிக்க முடிந்தது என்பது, சிறுமியின் வயது பற்றிய விவாதம்கூட எவ்வளவு தாமதப்பட்டது என்பதைக் காட்டும். மணம் ஒரு குற்றத்துக்குப் பரிகாரமாகாது என்பதை முஸ்லிம் பெண்கள் அமைப்புகளே பல்லாண்டுகளாக எடுத்துரைத்து வந்துள்ளன.

குற்றவாளி வேற்றினத்தவனாக இருப்பின் மற்றோர் ஆபத்து நேர்கிறது. முஸ்லிம்களும் தமிழரும் நெருங்கி வாழும், பழைய காயங்கள் ஆறாத இக்கரையோரத்தில், ஒரு பிள்ளையின் துன்பம் சில மணிநேரத்தில் இரு சமூகங்களின் பூசலாக உருமாறக்கூடும். அப்போது பகிரப்படுவது பிள்ளையின் பெயரும் படமுமே. நீதி கேட்பதாகக் கூறிக்கொண்டு அப்படத்தைக் குழுக்களுக்கு அனுப்புவோரும் 286அ பிரிவின் கீழ்ப் பரப்புவோரே ஆவர்.

குடும்பத்தின் பங்கு

குடும்பம் செய்யவேண்டியதில் முதன்மையானது, தீங்கு நேருமுன்னரே பிள்ளைக்கு ஓர் உறுதிமொழி அளிப்பதாகும். ‘என்ன நடந்தாலும் எங்களிடம் வா; நீ தவறு செய்திருந்தாலும் உன்னை அடிக்கமாட்டோம், படிப்பை நிறுத்தமாட்டோம்’ என்னும் அவ்வுறுதி மகனுக்கும் மகளுக்கும் சமமாக வழங்கப்படல் வேண்டும். அது பிள்ளையின் மனத்திற் பதிந்த வீட்டில் மிரட்டல் பெரும்பாலும் முதல் நாளிலேயே வெளிப்பட்டுவிடும்.

இரண்டாவது, வாப்பா அயல்நாட்டில் இருக்கும் வீடுகளிலும், உம்மாவும் அங்கிருக்க உம்மம்மா வளர்க்கும் வீடுகளிலும், தொலைபேசியை ஓரளவேனும் அறிந்த ஒருவரைப் பிள்ளையே தெரிவுசெய்யும்படி விடுதல். சாச்சியோ ராத்தாவோ மாமியோ அவ்விடத்தைப் பெறலாம். பழைய வளவு தந்த பல காதுகளை அறிந்தே மீள ஏற்படுத்துவது இது. பிள்ளையின் தொலைபேசியை ஒளிந்திருந்து ஆராய்வது அதற்கு ஈடாகாது. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 16 ஆம் உறுப்புரை பிள்ளையின் அந்தரங்கத்தையும், 34 ஆம் உறுப்புரை சுரண்டலினின்றும் அதன் பாதுகாப்பையும் ஒருங்கே வலியுறுத்துகின்றன. இவை எண்ணிம உலகுக்கும் பொருந்தும் என்பதைச் சிறுவர் உரிமைகள் குழு 2021 இல் வெளியிட்ட 25 ஆம் பொதுக் கருத்துரையில் விளக்கியுள்ளது. வயதுக்கேற்ற விதிகளைப் பிள்ளையோடு பேசி வகுத்தலே இவ்விரு உரிமைகளையும் பேணும் வழி.

மூன்றாவது, மிரட்டல் வந்தவிடத்துச் செய்யத்தக்கன. பணம் கொடுத்தலாகாது, கொடுத்தால் கேட்பது பெருகும். உரையாடலை அழித்தலாகாது, கணக்கின் பெயர், தொலைபேசி இலக்கம், நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளவேண்டும். பிள்ளையின் படத்தை வேறு தொலைபேசிக்குப் பிரதி செய்தலோ உறவினருக்குக் காட்டுதலோ கூடாது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்னும் இலக்கத்தைக் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம். அருகிலுள்ள பொலிஸ் நிலையத்திலும், பிரதேச செயலகத்தின் சிறுவர் பிரிவு உத்தியோகத்தரிடமும் முறையிடலாம். படம் பரவுவதைத் தடுக்க 2023 இல் அமெரிக்க நிலையம் ஏற்படுத்திய சேவையொன்றும் உண்டு. அதில் படம் எவருக்கும் அனுப்பப்படுவதில்லை. படத்திலிருந்து கணிக்கப்படும் எண்ணடையாளம் மாத்திரம் பதிவாகிறது. பங்குகொள்ளும் நிறுவனங்கள் அவ்வடையாளத்தைக் கொண்டு படத்தைக் கண்டு நீக்குகின்றன.

நீதிமன்றத்துக்குச் செல்வதால் பிள்ளை பலமுறை அவமானப்படும் என்னும் அச்சம் பெற்றோரிடம் உண்டு; அது முற்றிலும் ஆதாரமற்றதன்று. ஆயினும் சிறுவர் சாட்சியின் முதல் நேர்காணலை ஒளிப்பதிவாக ஏற்க 1999 ஆம் ஆண்டின் சாட்சிய விசேட ஏற்பாடுகள் சட்டம் வழிசெய்தது. பாதிக்கப்பட்டோரின் பாதுகாப்புக்கென 2015 இலும், அதனைப் பிரதியீடு செய்து 2023 இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. இவ்வுரிமைகளைக் கேட்டுப் பெறுவதற்குக் குடும்பத்தின் துணை இன்றியமையாதது.

ஊரின் பங்கு

கரையோர ஊர்களில் வெள்ளிக்கிழமைக் குத்பாவுக்கு நிகரான பொதுமேடை வேறில்லை. அதிற் பெரும்பாலும் பெண்பிள்ளையின் ஒழுக்கமே பொருளாகிறது. படத்தைக் கேட்டவன், பரப்பியவன், பார்த்து மகிழ்ந்தவன் ஆகியோரை நோக்கி அம்மேடை பேசுமாயின் நிலைமை பெரிதும் மாறும். இதற்கு வெளியிலிருந்து கோட்பாடு இறக்குமதி செய்யவேண்டியதில்லை. புறம் பேசுதலையும் துருவித் துருவி ஆராய்தலையும் சூரத்துல் ஹுஜுராத் விலக்குகிறது. கற்புள்ள பெண்மீது நான்கு சாட்சிகளின்றிப் பழி சுமத்துவதைச் சூரத்துந் நூர் தண்டனைக்குரியதாக்குகிறது. அன்னை ஆயிஷா மீது பரப்பப்பட்ட அவதூறே அவ்வத்தியாயத்தின் பின்புலம் என்பதை ஊரிலுள்ள ஒவ்வோர் ஆலிமும் அறிவார். பிள்ளை இறைவன் தந்த அமானத் என்பதும் அனைவரும் அறிந்ததே. அமானத்தைக் காப்பது அதன்மீது நிகழ்ந்த குற்றத்தை மூடிவைப்பதாகாது.

பள்ளிவாசல் சபைகள் இத்தகைய முறைப்பாடு வந்தால் தாமே விசாரிக்காது உடனே உரிய அதிகாரிகளிடம் ஒப்படைப்பதென எழுத்தில் தீர்மானித்தல் நலம். ஆண்கள் மாத்திரம் அமர்ந்த சபையின் முன் ஒரு சிறுமி வாய்திறப்பாள் என எதிர்பார்ப்பது பொருந்தாது. ஊர்தோறும் அறியப்பட்ட பெண் பொறுப்பாளர் வேண்டும். பாடசாலைகள் பாதிக்கப்பட்ட பிள்ளையை விலகுமாறு கூறும் வழக்கத்துக்கு இடமளித்தலாகாது. அவ்வாறு விலக்குவது மிரட்டியவனின் வாக்கை மெய்ப்பிப்பதே ஆகும். டியூட்டரி ஆசிரியர் மாணவரோடு தனிப்பட்ட முறையிற் செய்தி பரிமாறாது பெற்றோரும் உள்ள குழுவிலேயே பரிமாறுதல், தொலைபேசி திருத்தும் கடைகள் வாடிக்கையாளரின் படங்களைத் திறவாதிருத்தல் ஆகிய எளிய விதிகளை வர்த்தக சங்கங்களும் பெற்றோர் சங்கங்களும் ஊரளவில் நிறுவலாம். முன்னாளில் புகைப்படக் கடைக்காரருக்குச் சட்டம் இட்ட கடமையை இக்கடைகள் இன்று மனமுவந்து ஏற்றல் தகும். கல்முனையின் தமிழ், முஸ்லிம் நிறுவனங்கள் இவ்விடயத்தில் ஒரே குழுவாக இயங்குமாயின், குற்றத்தை இனப்பூசலாக்க முனைவோருக்கு இடமிராது.

ஒலுவிலில் அமைந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகமும், கிழக்கின் ஏனைய கல்வி நிறுவனங்களும் இதில் ஆற்றவேண்டிய பணி பெரிது. குடி, சீதன வீடு, புலம்பெயர் தொழில், மீள்குடியேற்றம் ஆகியவற்றோடு பொருத்திச் சிறுவரின் இணைய வாழ்வை ஆராயும் ஆய்வுகள் தமிழில் எழுதப்படல் வேண்டும். கொழும்பில் வகுக்கப்படும் கையேடுகளில் சாச்சிக்கும் உம்மம்மாவுக்கும் இடமில்லை. இப்பகுதிப் பிள்ளையோ அவர்களிடமே வளர்கிறாள்.

தொகுத்து நோக்கின், இவ்வூர்களிடம் சிறுவரைக் காக்கும் வளங்கள் இல்லாமலில்லை. தாய்வழி உறவின் நெருக்கமும், பள்ளிவாசலின் செல்வாக்கும், கல்வியின்பால் உள்ள பற்றும் அவற்றுட் சில. அவை குடும்பத்தின் பெயரைக் காக்கப் பயன்படுமாயின் குற்றவாளிக்குத் துணையாகும்; பிள்ளையைக் காக்கப் பயன்படுமாயின் அவனது மிரட்டலைப் பயனற்றதாக்கும். நடுங்கிக்கொண்டு வந்து நிற்கும் பிள்ளையிடம் ‘ஏன் அனுப்பினாய்’ என்று கேட்பதா, ‘கேட்டவன் யார்’ என்று கேட்பதா என்பதிலிருந்தே அத்தெரிவு தொடங்குகிறது.